இயல்பறிந்து தொழில் தேர்தல்

கிராமத்தில் வேலை தேடி வருவோரிடம், "உங்களுக்கு என்ன தொழில் வேண்டும்?" என்று நாம் வினவினால், "எதுவானாலும் சரி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடை வறுமையில் பிறப்பது. ஆதலின் அதனைக் குறை கூறுதல் தகாது. ஆயினும், அதனை அப்படியே ஏற்று விண்ணப்பத்தில் எழுதிவிடுதல் நம்மைப் போன்ற வளர்ச்சிப் பணியாளர் செய்யும் பெரும் பிழையாகும். அப்பிழையை நாமும் செய்ததுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், மகளிர் குழு ஒன்றின் உறுப்பினர் பன்னிருவரும் தையல் இயந்திரம் கேட்டனர். பக்கத்து ஊரில் தையலால் சிலர் முன்னேறியதே காரணம். நாமும் பயிற்சிக்கும் கடனுக்கும் மகிழ்வுடன் ஏற்பாடு செய்தோம். ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தபோது, மூன்று இயந்திரங்களே ஓடிக்கொண்டிருந்தன. மற்ற ஒன்பதும் பழைய புடவையால் மூடப்பெற்று மூலையில் இருந்தன. அவற்றுக்குரிய தவணையைப் பெண்கள் களையெடுத்த கூலியிலிருந்து கட்டிவந்தனர். அவர்களுள் மூத்தவர் ஒருவர், "ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் தெரியாதுங்க ஐயா, கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்" என்றார். அவர் கடிந்து பேசவில்லை. அதனாலேயே அச்சொல் நம்மை மிகவும் வருத்தியது.

பின்னர் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. அவ்வூரில் யார் வீட்டு ஆடு ஈனுவதானாலும் அவ்வம்மையாரையே அழைப்பார்களாம். மந்தையினின்று ஓர் ஆடு விலகி நின்றாலும், அசை போடாமல் இருந்தாலும், நோய் வரப்போவதை அவர் முன்கூட்டியே கண்டு சொல்லிவிடுவார். இயந்திரத்தையும் அதன் தவணையையும் குழுவிலிருந்த இளம்பெண் ஒருவர் ஏற்றுக்கொண்டார். அம்மையார் இரண்டு வெள்ளாடுகளுடன் தொடங்கினார். குடற்புழு நீக்க மருந்து கொடுக்கவும், மழைக்காலத்திற்கு முன்பே துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போடுவிக்கவும் கால்நடை மருந்தகத்தில் கற்றுக்கொண்டார். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதங்களே; ஆதலால் பலன் விரைவில் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் செல்வராகிவிடவில்லை. ஆனால் தவணைக்காகக் கூலிக்குச் செல்லும் நிலை நீங்கியது. முகத்தில் தெளிவும் பிறந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? ஒருவருடைய திறமை பெரும்பாலும் அவருக்கே புலப்படுவதில்லை. எளிதாக வருவதனாலேயே அதனை ஒரு திறமை என்று அவர் எண்ணுவதில்லை. அதனைக் கண்டறிய மூன்று கேள்விகள் போதும். அண்டை வீட்டார் எந்த உதவிக்காக உம்மைத் தேடி வருகின்றனர்? எவரும் ஏவாமலே நீர் செய்யும் வேலை எது? எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை? இம்மூன்றுக்கும் ஒரே விடை வருமாயின், அங்கேயே உமது தொழிலைத் தேடலாம்.

திருக்குறளின் 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல் என்பதாகும். ஆளறிந்து பணியை ஒப்படைக்க வேண்டிய அரசனுக்கு அது கூறப்பட்டது. இக்காலத்தில் அப்பொறுப்பு அவரவர் கையிலேயே இருக்கிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. இயல்பு என்று நாம் கூறுவது பிறப்பினால் வந்த குலத்தொழிலை அன்று. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்யும் திட்டம் 1953-இல் சென்னை மாநிலத்தில் புகுத்தப்பட்டு, கடும் எதிர்ப்பினால் 1954-இல் கைவிடப்பட்டது. தந்தையின் தொழில் மகனுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அதனை முடிவு செய்ய வேண்டியவன் மகனே. மண்வெட்டி பிடித்தவரின் மகளுக்குக் கணக்கிலே நாட்டமிருந்தால், கணக்கே அவளுடைய இயல்பு.

படித்த இளைஞருக்கும் இது பொருந்தும். பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் தேர்வு எழுதிவந்த இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். ஊரிலே பம்புசெட்டு பழுதானால் அவர்தான் பார்ப்பார். ஆனால் அதற்குக் காசு வாங்க வெட்கப்படுவார். தேர்வைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையொன்றில் மூன்று மாதம் இருந்து பார்க்குமாறு மட்டும் கூறினோம். இன்று அவருக்குச் சொந்தப் பட்டறை உண்டு. முதலில் முகஞ்சுளித்த தந்தையாரே இப்போது கணக்கு எழுதுகிறார்.

கடன் வாங்குமுன் தொழிலைச் சில நாள் செய்து பார்த்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து. இதற்கு வாய்ப்புகள் உள்ளன. கர்நாடகத்தின் உஜிரே என்னும் ஊரில் 1982-இல் தொடங்கப்பெற்ற பயிற்சி நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வங்கிகள் மாவட்டங்களில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்திவருகின்றன. அங்குப் பயிற்சி இலவசம். உணவும் உறைவிடமும் உண்டு. பயிற்சிக்குப் பின்னரும் தொடர்ந்து ஆலோசனை வழங்குவர். சேருமுன், அத்தொழிலை ஏற்கெனவே செய்யும் ஒருவருடன் ஒரு வாரமேனும் உடனிருந்து பார்த்தல் நன்று.

திறமை மட்டும் இருந்தால் போதாது, சந்தையும் வேண்டும். செய்த பொருளை யார் வாங்குவர், எவ்வளவு தொலைவு கொண்டு செல்ல வேண்டும், ஆண்டில் எத்தனை மாதம் வேலை கிடைக்கும் என்று கணக்கிட்ட பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். ஓர் ஊரில் பன்னிருவர் தைத்தால், துணி கொடுப்பார் யார்?

ஊராட்சித் தலைவர்களுக்கும், குழுப் பொறுப்பாளர்களுக்கும், நம் சக அலுவலர்களுக்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. இலக்கு எண்ணிக்கையை நிறைவு செய்யும் அவசரத்தில் ஆளைப் பார்க்க மறந்துவிடக் கூடாது. விண்ணப்பத்தை நிரப்புமுன் திண்ணையில் அமர்ந்து அரைமணி நேரம் பேசுவோம். அந்த அரைமணி நேரத்தைச் செலவிட நாம் தவறியதனால்தான் ஒன்பது பெண்கள் ஓராண்டுக் காலம் பயனற்ற கடனைச் சுமந்தனர்.