குன்றை நட முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

சிம்மோர்ப் பக்கத்துப் பழைய தோட்டத்தில் மரக்கன்று நட்ட அன்று, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே நீ கேட்டாய்: "மலையை உடைச்சா என்ன ஐயா? அதுக்குப் பதிலா ஆயிரம் மரம் நட்டுடலாமே?" பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் இறங்கிப் போகவில்லை. கோபம் உன்மேல் இல்லை. பச்சையாகத் தெரிந்தால் இயற்கை பிழைத்துவிட்டது என்று உனக்குச் சொல்லித் தந்தவர்கள்மேல்தான்.

உன் தாத்தா பால் வெட்டிய தோட்டமும் பச்சைதான். கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, 1877-இல் கோலகங்சார் ரெசிடென்சி வளாகத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. ரப்பர்தான் பின்னால் பேராக்கை நிறைத்தது. விடியுமுன் தலைவிளக்கோடு நிரை நிரையாக நடந்தவர்களுக்குத் தெரியும்: எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மரம், ஒரே வயது, ஒரே இடைவெளி. பிறகு அதையும் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் ரப்பர்த் தோட்டம் காடு, செம்பனைத் தோட்டம் காடு அல்ல. இத்தனை ஏக்கர் பச்சை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், என்ன பச்சை என்று கேள்.

இப்போது குன்றுக்கு வருவோம். தைப்பூசத்துக்கு நாம் போகும் குனோங் சீரோவும், சாம் போ தோங் குகைக்கோயில் இருக்கும் குனோங் ராப்பாட்டும் சுண்ணாம்புக் குன்றுகள். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த கல் அது. கிந்தா பள்ளத்தாக்கில் இப்படி எத்தனையோ குன்றுகள் தனித்தனியாக நிற்கின்றன. நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கிற அமில மண்ணைச் சிறு நத்தையால் கடக்க முடியாது. ஆக ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. இலட்சக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே அடைபட்டுக் கிடந்த உயிர், வேறெங்கும் இல்லாத உருவத்தை எடுத்துக்கொள்கிறது.

குனோங் ராப்பாட்டில் கண்டெடுத்து 2008-இல் விவரிக்கப்பட்ட நத்தை ஒன்று உண்டு. பெயர் ஓப்பிஸ்தோஸ்தோமா வெர்மிகுலும். அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், ரவைக் குறுணை அளவுதான். பூசையறைச் சங்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார். வலம்புரியோ இடம்புரியோ, சுற்று முழுவதும் ஓர் அச்சைப் பற்றியே ஏறும். டார்சி தாம்சன் 1917-இல் வெளியிட்ட 'வளர்ச்சியும் வடிவமும்' என்ற பெரிய நூலில் இந்தச் சுருளுக்கென்றே நீண்ட அத்தியாயம் வைத்தார். ஓடு எவ்வளவு வளர்ந்தாலும் வடிவம் மாறாமல் பெருகுவதை அவர் கணக்காகவே காட்டுவார். இளவயதில் அதைப் படித்தபோது சங்கின் கதை முடிந்துவிட்டது என்றே தோன்றியது. ராப்பாட் நத்தை அந்த எண்ணத்தை உடைத்தது. அதன் ஓடு நான்கு அச்சுகளைப் பற்றிச் சுற்றுகிறது. மூன்று முறை பழைய சுற்றை விட்டு விலகுகிறது, இரண்டு முறை திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒன்றிரண்டு ஓடுகளில் நேர்ந்த ஊனம் என்று தள்ளவும் முடியாது, ஓட்டுக்கு ஓடு ஏறத்தாழ அதே ஒழுங்கு. ஆயிரம் கன்றுகள் நட்டு இதில் ஒரு சுற்றையாவது திரும்பக் கொண்டுவர முடியுமா? சொல்.

உங்கள் சிம்மோரிலேயே குனோங் கந்தான் இருக்கிறது. அங்கே கல் வெட்டிய லஃபார்ஜ் சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே ஒரு புது நத்தைக்கு வைத்து, 2014-இல் சாரோப்பா லஃபார்ஜெய் என்று அறிவித்தார்கள் ஆய்வாளர்கள். அந்தக் குன்றின் குகையில் ஒரு சிலந்தியும் உண்டு. பாறையில் குழல் கட்டி, வாயில் மூடிக் கதவு வைத்து, சுற்றிலும் நூலிழைகளை நீட்டிவிட்டு உள்ளே காத்திருக்கும். பூச்சியின் கால் இழையில் பட்டால் கதவு திறக்கும்.

பகாங்கில் புக்கிட் பன்சிங் என்ற குன்றைத் தரைமட்டத்துக்கும் கீழே வெட்டி எடுத்தார்கள். அங்கு மட்டுமே வாழ்ந்த பிளெக்தோஸ்தோமா சயாஃபிலும் என்ற நத்தை குன்றோடு போய்விட்டது.

சிமெண்டு வேண்டாமா என்று கேட்பாய். வேண்டும், உன் பள்ளிக்கூடச் சுவரும் அதுதான். ஆனால் வெட்டுவதற்கு முன்பே குன்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே உடைந்த குன்றிலேயே வேலையை வைத்துக்கொண்டு, முழுசாக நிற்பதை அடிவாரக் காட்டோடு விட்டுவிட வேண்டும். அடிவாரம் எரிந்தால் நிழலும் ஈரமும் போகும், பாறை மட்டும் நின்று பயனில்லை. கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்கா ஆனது நல்ல செய்தி. ஆனால் பட்டம் வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு. நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. எந்தக் குன்றைக் கொடுப்பது, எதை விடுவது என்ற முடிவு அங்கேதான்.

நத்தைக்காக ஊர் நிற்குமா என்று உன் வீட்டில் சொல்வார்கள். அவர்களிடம் டுரியானைப் பற்றிப் பேசு. இரவில் விரியும் டுரியான் பூவை மகரந்தச் சேர்க்கை செய்வதில் தேனுண்ணும் குகை வௌவாலுக்குப் பெரிய பங்கு. பகலில் அது தூங்குவது சுண்ணாம்புக் குகையில். ஓர் இரவில் முப்பது கிலோமீட்டருக்கு மேலும் பறந்து போய்த் தேன் குடித்துவிட்டு வரும்.

பள்ளி விடுமுறையில் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. நில உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போவோம். செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. 1973-இல் குனோங் சீரோவில் பாறை சரிந்து உயிர்கள் போயின. அடிவாரத்து மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கிளறு. செத்த நத்தைகளின் வெற்று ஓடுகள் உள்ளே காற்று இருப்பதால் மிதந்து வரும். தேநீர் வடிகட்டியால் அள்ளி, வெள்ளைத் தாளில் பரப்பி, காய விட வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தூசி மாதிரிதான் இருக்கும். லென்ஸ் இங்கே இருக்கிறது. வாளியும் வடிகட்டியும் நீ கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்
ஈப்போ