ஒரு சதுர மீட்டரில் அருவி வெள்ளம்

குற்றாலத்தில் சாரல் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது அருவியில் தண்ணீர் பெருகுவது தென்காசிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் 2024 மே 17 அன்று, கோடை மழையின்போது, பழைய குற்றால அருவியில் வந்த திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. “நாம நிக்கிற இடத்துல மழை இல்லாட்டியும் வெள்ளம் வருமா சார்?” என்று எட்டாம் வகுப்பில் கேட்டார்கள்.

படத்தைவிடக் கணக்கே இதற்கு உதவியது. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். தரையில் சாக்பீஸால் ஒரு சதுர மீட்டர் வரைந்தோம். 50 மி.மீ. மழை பெய்தால் அந்தக் கட்டத்தில் 50 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் ஐந்து. மலையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு? சுழியங்களை எண்ணி, 5 கோடி லிட்டர் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சும். மீதி, பாறைச் சரிவில் நிற்காமல் ஓடைகளாகச் சேர்ந்து அருவிக்கு வந்துவிடும். கீழே வெயிலடித்தாலும் வரும்.

அறிகுறிகளையும் சொன்னேன்: தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது. ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேற வேண்டும்; செருப்பு, செல்போன் தேடக் கூடாது. எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்றதும் பாதிப் பேர் ஓடை போகும் திசையைக் காட்டினார்கள். ஓட வேண்டியது பக்கவாட்டில், மேட்டுக்கு. இதை மைதானத்தில் இரண்டு முறை ஓடியே பழகினோம்.

இப்போது ஒரே அகலமுள்ள பாட்டிலில் ஸ்கேல் ஒட்டி மழைமானி வைத்திருக்கிறோம். மலையடிவாரத்திலிருந்து வரும் மாணவி தன் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறாள். ஒரே நாளில் இரண்டு அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.