இறகுப்பந்து மட்டைத் தண்டின் விறைப்பும் வீச்சின் வேகமும்

பள்ளிக்கோ ஊர் விளையாட்டு மன்றத்திற்கோ இறகுப்பந்து மட்டைகள் வாங்கும்போது விலையும் எடையும் விசாரிக்கப்படுகின்றன. தண்டின் விறைப்பைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கேட்பவர்களும், ‘மிக விறைப்பானது’ என்று குறிக்கப்பட்ட மட்டையே உயர்ந்தது என்னும் எண்ணத்தால் அதையே தேர்ந்தெடுத்துவிடுகின்றனர். பெரும் போட்டிகளில் வெல்வோர் பலர் விறைப்பான தண்டுள்ள மட்டைகளைக் கொண்டு ஆடுகின்றனர் என்பது மெய்யே. ஆயினும் அவர்களுடைய வீச்சு வேறு, பன்னிரண்டு வயது மாணவனின் வீச்சு வேறு. தன் வீச்சிற்கு ஒவ்வாத மட்டையைப் பெற்ற மாணவன், பந்து போதிய தூரம் செல்லாததற்குத் தன் கையின் வலிமைக் குறைவே காரணம் என்று கருதி, தோளை இறுக்கிக்கொண்டு மேலும் பலமாக அடிக்க முயல்கிறான். அடிமுறை கெடுவது இவ்விடத்தில்தான்; கையும் விரைவில் சோர்ந்துவிடுகிறது.

கைப்பிடிக்கும், நரம்பு கட்டிய தலைக்கும் இடையே உள்ள மெல்லிய பகுதியே தண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். முற்காலத்தில் மட்டை முழுவதும் மரத்தால் ஆயிற்று. பின்னர் எஃகுத் தண்டு வந்தது. இன்று தரமான மட்டைகளில் கார்பன் நாரினால் ஆன தண்டே வழக்கம். மலிவான மட்டைகளில் எஃகுக் குழாயை இன்றும் காணலாம்.

இத்தண்டு செய்யும் வேலையை அறிய ஒரு மெல்லிய பிரம்பை எடுத்து விரைவாக வீசிப் பார்த்தால் போதும். கை முன்னே செல்லும். பிரம்பின் நுனி பின்தங்கி வளையும். கையின் வேகம் தணியும் நேரத்தில் வளைந்த பிரம்பு நிமிர்ந்து, நுனியை முன்னே தள்ளும். மட்டையிலும் நிகழ்வது இதுவே. பந்து மோதுவதனால்தான் தண்டு வளைகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. பந்தின் எடை 4.74 கிராம் முதல் 5.50 கிராம் வரையே இருக்கலாம் என்பது ஆட்ட விதி. இவ்வளவு இலேசான பொருளுக்காகத் தண்டு காத்திருப்பதில்லை. மட்டைத் தலையின் நிலைமத்தினால், பந்து படுமுன்பே அது வளைந்துவிடுகிறது.

வளைந்த தண்டு நிமிரும் தறுவாயில் பந்து பட்டால், நிமிரும் வேகம் வீச்சின் வேகத்துடன் சேர்ந்துகொள்ளும். ஆகவே இதில் முக்கியமானது காலப் பொருத்தமே. நெகிழ்வான தண்டு நிமிர்வதற்குச் சற்று அதிக நேரம் எடுக்கும். விறைப்பான தண்டு சட்டென்று நிமிர்ந்துவிடும். மெதுவாகவும் நீளமாகவும் வீசுபவருக்கு நெகிழ்வான தண்டின் நேரம் ஒத்துவரும். அவர் விறைப்பான தண்டைப் பிடித்தால் அது வளைவதே அரிது. வளையாத தண்டு திருப்பித் தருவதற்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டையும் முன்கையையும் கடைசிக் கணத்தில் வெடுக்கெனத் திருப்பி அடிப்பவருக்கு நெகிழ்வான தண்டு பொருந்தாது. பந்து நரம்பைத் தொடும்போது தலை இன்னும் பின்தங்கியே இருக்கும். மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பந்து எண்ணியதைவிட உயரமாகப் போகும். அடிக்கு அடி இந்தப் பிழை மாறுவதால் குறி தவறும்.

தண்டின் நிமிர்வினால் கிடைக்கும் வேகம் மொத்த வேகத்தில் ஒரு சிறு பங்கே என்பதையும் மறத்தலாகாது. பெரும்பங்கு தோள், முன்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் சுழற்சியிலிருந்தே வருகிறது. மட்டையை மாற்றியவுடன் அடியின் வலிமை இரு மடங்காகிவிடும் என்று மாணவருக்கு ஆசை காட்டுதல் நன்றன்று.

விறைப்பை நிர்ணயிப்பவை எவை என்பது பௌதிகப் பாடத்திற்கும் உதவக்கூடியது. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட ஒரே சீரான தண்டின் மறுமுனையில் ஒரே விசையைச் செலுத்தினால், அதன் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வளைவு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். மட்டையின் மொத்த நீளம் 680 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்ற விதிக்குள்ளும், கைப்பிடியைச் சிறிது நீட்டித் தண்டைக் குறுக்கினால் விறைப்பு கூடுவது இதனாலேயே. தலையின் கனமும் கணக்கில் சேரும். ஒரே வகைத் தண்டில் கனத்த தலையைப் பொருத்தினால் தண்டு அதிகம் வளைந்து தாமதமாக நிமிரும். ஆடுபவரின் கைக்கு அது நெகிழ்வான மட்டையாகவே தோன்றும். நரம்பின் இறுக்கமோ பலரை ஏமாற்றுகிறது. மிக இறுக்கமாக நரம்பு கட்டிய மட்டையைத் ‘தண்டு விறைப்பு’ என்று குறை கூறுவோர் உண்டு.

விறைப்பைக் குறிப்பதற்கு எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒருவர் ‘நடுத்தரம்’ என்பதை மற்றொருவர் ‘விறைப்பு’ என்று எழுதலாம். எனவே கைவசமுள்ள மட்டைகளைப் பள்ளியிலேயே அளந்து கொள்வது மேல். கைப்பிடி முழுவதும் மேசைமேல் இருக்க, தண்டும் தலையும் விளிம்பிற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வைத்து, கைப்பிடியை மரச்சட்டத்தால் அசையாமல் இறுக்க வேண்டும். தலையின் முகம் தரைக்கு இணையாக இருத்தல் அவசியம். தலைச் சட்டத்தின் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, பின்னர் அந்நுனியில் துணி நாடாவால் 1 கிலோகிராம் எடைக்கல்லை மெல்லத் தொங்கவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமீட்டரில் பதிவேட்டில் எழுதி, அதே எண்ணைக் கைப்பிடியிலும் ஒட்டிவிடலாம். எண் சிறிதாயின் விறைப்பு அதிகம். கீறல் விழுந்த மட்டைகளை இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது.

அடுத்த சோதனை ஆடுகளத்தில். எண் சிறியது ஒன்று, பெரியது ஒன்று, இடைப்பட்டது ஒன்று என மூன்று மட்டைகளை எடுத்து, பெயரும் குறியும் தெரியாதவாறு தாள் சுற்றி மாணவனிடம் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த மட்டை என்று தெரிந்தால் கை வேறுவிதமாக வேலை செய்யும்! மூன்றிலும் நரம்பின் இறுக்கம் ஒன்றாயிருக்க வேண்டும். பயிலுநருக்கு 18 முதல் 22 பவுண்டு வரை போதுமானது. இறகுப் பந்தையும் பிளாஸ்டிக் பந்தையும் கலத்தலாகாது. எதிர்ப்புறத்திலிருந்து உயரமாக அனுப்பப்படும் பந்தை மாணவன் தன் பின்கோட்டருகே நின்று, வலிந்து அடிக்காமல் தன் இயல்பான வீச்சிலேயே எதிர்ப் பின்கோட்டை நோக்கி அடிக்க வேண்டும். பின்கோட்டிற்கும் அதற்கு 76 சென்டிமீட்டர் உள்ளே உள்ள இரட்டையர் ஆட்டத்தின் நீள் சர்வீஸ் கோட்டிற்கும் இடையே விழுந்தவை எத்தனை, குட்டையாக விழுந்தவை எத்தனை, பக்கவாட்டில் சிதறியவை எத்தனை என்று ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்துகள் வீதம் குறித்தல் வேண்டும். களைப்பு முடிவைப் பாதிக்காதிருக்க, மறுநாள் மட்டைகளின் வரிசையை மாற்றிச் செய்வது நலம்.

விறைப்பான மட்டையில் பந்துகள் நேராகச் சென்று குட்டையாக விழுந்தால், அம்மாணவனுக்கு நெகிழ்வான தண்டு வேண்டும். நெகிழ்வானதில் தூரம் எட்டியும் பந்துகள் அங்குமிங்கும் சிதறினால், ஒரு படி விறைப்பானதற்கு மாறலாம். இரண்டிலும் பலன் ஒன்றாயின் கை குறைவாகச் சோரும் மட்டையே கொள்ளத்தக்கது. இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நின்று சிறு வீச்சில் வேகமாக அடிப்பவர் இதற்கு விலக்கு. அவர் தூரம் தேடுவதில்லை, தலை உடனே திரும்புவதையே நாடுகிறார். அவருக்குச் சற்று விறைப்பு நல்லது.

பள்ளிக்குப் பத்து மட்டைகள் வாங்கப் பணம் உண்டெனில், நெகிழ்வானவையும் நடுத்தரமானவையுமாக எட்டும், விறைப்பானவை இரண்டும் போதும். வளரும் பருவத்தில் வீச்சின் வேகம் விரைந்து மாறுவதால், ஆண்டிற்கு ஒருமுறையேனும் களச் சோதனையைத் திரும்பச் செய்து பதிவேட்டைத் திருத்த வேண்டும். மூத்த மாணவன் விட்டுச்செல்லும் நெகிழ்வான மட்டை, அவ்வாண்டு புதிதாக ஆடத் தொடங்குபவனுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.