இளவேனிற் பறவைகளும் உயிரோம்பும் நோன்பும்



பங்குனி, சித்திரைத் திங்கள்கள் பகவான் மகாவீரரின் பிறப்பு விழாவை நமக்கு நினைவூட்டும் காலமாகும். அதே நாட்களில் நம் ஊர் ஏரிகளிலும் பூங்காக்களிலும் மற்றொரு பெருநிகழ்ச்சி ஆரவாரமின்றி நடைபெறுகின்றது. குளிர்காலத்தை இங்குக் கழித்த பறவைகள் தாம் பிறந்த வடபுலங்களை நோக்கிப் புறப்படுகின்றன. ஈண்டே வாழும் பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. இவற்றைக் காணும் முறையையும், அவ்வறிவினால் நமது அகிம்சை அணுவிரதம் எங்ஙனம் செம்மையுறும் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. காணும் முறை

பறவைகளைக் காண உகந்த வேளை, கதிரவன் எழுந்த முதல் இரண்டு மணி நேரமாகும். நடக்கும்போது நுகத்தடி அளவு நிலத்தை முன்னோக்கிப் பார்த்து, சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமல் அடியெடுத்து வைக்கும் ஈரியா சமிதியை முனிவர்க்குரிய ஒழுக்கமாக அறநூல்கள் விதித்துள்ளன. இல்லறத்தாராகிய நாம் அதனை முற்றும் கைக்கொள்ள இயலாதெனினும், ஏரிக்கரையில் நடக்கும் அந்த ஒரு மணி நேரமாவது பயிலலாம். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையிலேயே முட்டையிடும். அம்முட்டை கூழாங்கல்லினின்றும் வேறுபட்டுத் தோன்றாது. கீழே நோக்காமல் வானத்தையே நோக்கி நடப்பவர், காண வந்த உயிரையே மிதித்துவிடக் கூடும்.

உரத்துப் பேசுதல், கல்லெறிந்து பறவைகளைப் பறக்கச் செய்தல், கூட்டின் அருகே சென்று படமெடுத்தல் ஆகியவற்றை விலக்க வேண்டும். தாய்ப்பறவை வெருண்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்திற்கும் இரையாகும்.

2. அறிய வேண்டுவன

வந்தவாசி வட்டாரத்துச் சமண ஊர்களுக்குத் தொலைவில்லாத வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியின் பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் நன்கு அறிவர். 2022ஆம் ஆண்டில் இவ்வேரி உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

அங்குள்ள பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வந்து குஞ்சு பொரிப்பவை என்று பலர் கருதுகின்றனர். அது பிழையாகும். மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியன நம் நாட்டுப் பறவைகளே. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் அவை கூடி இனம்பெருக்கும். குஞ்சுகள் பறக்கக் கற்று, நீரும் வற்றிய பின்னர் வேறு நீர்நிலைகளை நாடிப் பிரியும். நெடுந்தொலைவு கடந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவையோ இங்கு முட்டையிடுவதில்லை. அவற்றுக்கு இது குளிர்காலப் புகலிடம் மட்டுமே.

இளவேனிலில் அவை புறப்படுவதற்கு முதற்காரணம் பகற்பொழுது நீளுதலாகும். அம்மாற்றத்தை உடல் உணர்ந்ததும் பறவை மிகுதியாக உண்டு கொழுப்பைச் சேமிக்கின்றது. அதுவே வழிக்குக் கட்டமுது. கதிரவனும், விண்மீன்களும், நிலவுலகின் காந்தப்புலமும் அதற்குத் திசை காட்டுகின்றன. புறப்படும் முன் சில பறவைகளின் கோலமும் மாறும். மங்கலாயிருந்த மஞ்சள் வாலாட்டியின் உடல் பளிச்சென்ற மஞ்சளாகும். ஆண் நீலச்சிறகியின் கண்ணுக்கு மேல் வெண்ணிறப் பட்டை தெளிவாகத் தோன்றும். இளஞ்சிவப்பும் கருமையும் கலந்த சூறைக்குருவிகள் மாலையில் பெருங்கூட்டமாய் வானில் சுழன்று, பின்னர் மரங்களில் அடையும். இவை நடு ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும்.

திகம்பர மரபில் ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதருக்குரிய இலாஞ்சனம் சக்கரவாகம் என்பதை நாம் அறிவோம். அதுவும் ஒரு வலசைப் பறவையே. லடாக், திபெத் முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நம் நாட்டு ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் இறங்கி வந்து, வேனிலில் மீளும். பீடத்தில் நாம் வணங்கிக் காணும் உருவம், வானில் வாழும் ஐம்பொறி உயிராகவும் நம்மிடையே வந்து செல்கின்றது.

3. ஒழுக வேண்டிய முறை

இங்கே ஒரு பிழையை நாம் ஒளிக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மகாவீரர் பிறப்பு விழாவன்று, சந்தையில் ஒரு கூண்டு நிறையச் சில்லைக் குருவிகளை விலைக்கு வாங்கி, கோயில் வாயிலில் திறந்துவிட்டோம். சிறுவர் கைதட்டினர், நம் உள்ளமும் குளிர்ந்தது. மறுவாரம் அதே சந்தைக்குச் சென்றபோது, அதே ஆளிடம் மீண்டும் ஒரு கூண்டு நிறைந்திருந்தது. "விழா இனி எப்போது ஐயா?" என்று அவர் வினவிய பின்னரே நமக்கு உண்மை விளங்கிற்று. அடுத்த வலைக்கு நாமே பொருள் கொடுத்திருந்தோம்.

வினையானது தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் என்னும் மூவழியிலும் வந்து சேரும் என்பது நம் ஆகமக் கொள்கை. நம் கருணை பொய்யன்று. ஆயினும் அறிவு துணை நில்லாமையால் அது செய்வித்தலாக முடிந்தது. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களாகிய கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பவற்றுள் முதலதும் ஈற்றதும் அக்கூண்டினுள்ளேயே நிகழ்ந்தன. அன்றியும் இளவேனில் கூடு கட்டும் பருவம். பிடிபட்ட தாய்க்கு எங்கோ குஞ்சுகள் காத்திருக்கவும் கூடும். இறகு நலிந்து, பழகாத இடத்தில் விடப்பட்டவற்றுள் பல பிழைப்பதும் அரிது.

அவ்வாறாயின் கண்ணெதிரே வாடும் உயிரைக் கைவிடுவதோ என்னும் வினா எழும். கைவிடலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளி, மைனா, சில்லை முதலிய காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே வனத்துறையினருக்கு உடனே அறிவிப்பதே அவ்வுயிருக்கும், இனிப் பிடிபடவிருக்கும் உயிர்களுக்கும் செய்யும் உதவியாகும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை வேறும் உள்ளன. ஆழமில்லாத மண்தட்டில் நிழலான இடத்தில் நீர் வைக்கலாம். நாள்தோறும் தட்டைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டிய புதுநீரை நிரப்ப வேண்டும்; தேங்கவிட்டால் அதில் கொசுப்புழு தோன்றி, பின்னர் அவற்றை அழிக்க நேரும். தரையில் தத்தும் இறகு முளைத்த குஞ்சு பெரும்பாலும் தாயை இழந்ததன்று, பறக்கப் பயில்வதே. அதனை வீட்டிற்குக் கொண்டு செல்லாமல், அருகிலுள்ள புதரில் வைத்து விலகி நின்றால், தாய் வந்து இரையூட்டும். மரக்கிளை வெட்டுவதைக் குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளி வைக்கலாம்.

மழைக்காலத்தில் உயிர்கள் மிகுதலால் முனிவர் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசிய நெறியை வகுத்தது நம் சமயம். பருவத்தை அறிந்து ஒழுகுதல் நமக்குப் புதிதன்று. இவ்விளவேனிலிலும் உயிர்களை நோக்கி, அறிந்து, அதன் பின்னரே கையை நீட்டுவோமாக.

பாடசாலை மாணவர்க்குரிய வினாக்கள்

1. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் மூன்றும், கூடு கட்டாமல் தங்கிச் செல்வன இரண்டும் கூறுக.

2. பறவையை விலைக்கு வாங்கி விடுவித்தல் எவ்வகையில் செய்வித்தலாகும்?

3. உம் ஊர் ஏரியில் பங்குனி முதல் நாளிலும் சித்திரை முதல் நாளிலும் காணும் பறவைகளை எண்ணிக் குறித்து ஒப்பிடுக.

வாழ்க அருகன் அறம்!