டயாப்பரா, துணியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "நாங்க பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டித்தானே பிள்ளைங்கள வளர்த்தோம்" என்பார் மாமியார். "துவைக்கிறது யாரு அத்தை?" என்று மருமகள் மனசுக்குள் கேட்பாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு.

முதலில் காசு. ஒரு டயாப்பர் 10 ரூபாய் என்று வைப்போம். நாளைக்கு 5 என்றால் மாதம் 1,500 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு 36,000. குழுவில் நீங்கள் கட்டும் சேமிப்பு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ராத்திரிக்கு மட்டும் ஒன்று போட்டால் மாதம் 300 ரூபாயோடு முடிந்தது.

துணிக்குக் காசு செலவு குறைவு, கை வேலை அதிகம். ஆபரேஷன் ஆன தாய் குனிந்து துவைக்க முடியுமா? துணிதான் கட்டணும் என்று சொல்பவர் துவைக்கவும் வரணும். குழந்தையின் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துணியில் இன்னொரு நன்மை உண்டு. பிறந்து 5 நாள் ஆன பிறகு, ஒரு நாளைக்கு 6 தரமாவது சிறுநீர் போனால் தாய்ப்பால் போதுகிறது என்று அர்த்தம். துணி கட்டினால் எண்ணிவிடலாம். டயாப்பருக்குள் இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாகி, மேலே காய்ந்த மாதிரியே காட்டும். அதனாலேயே மாற்ற மறந்துபோகிறோம். பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும். மலம் போனால் உடனே. தோல் சிவந்தால் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விடுங்கள். பவுடர் வேண்டாம், குழந்தையின் மூச்சில் ஏறும். கொப்புளமோ சீழோ காய்ச்சலோ வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

"பச்சைக் குழந்தை மலம்தானே" என்று வாய்க்காலிலோ சங்கராபரணி ஆற்றிலோ துணியை அலசக் கூடாது. அதிலும் நோய்க் கிருமி உண்டு. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, சோப்பு போட்டுத் துவைத்து, சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி எங்கே காயும்? அரை ஈரத்தோடு கட்டினால் புண்ணாகிவிடும். அந்த நாட்களில் டயாப்பர் வாங்குவதில் தப்பே இல்லை.

இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் துறை 2008-ல் இரண்டையும் ஆராய்ந்தது. பூமியைச் சூடாக்கும் வாயுக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று வந்தது. காரணம், அங்கே மெஷினில் துவைத்து, பலர் மெஷினிலேயே காயவும் வைக்கிறார்கள். வெளியே கொடியில் காயவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் கட்டினால் துணியே நல்லது என்றும் அதே ஆய்வு சொன்னது. நம் வீட்டு வழக்கம்தான் அது!

போட்டுக் கழற்றிய டயாப்பரை எரிக்காதீர்கள். அதில் பிளாஸ்டிக் இருக்கு, புகை கெடுதல். கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். குப்பைமேட்டில் வீசினால் நாய் கிழித்துத் தெருவெல்லாம் இழுத்துவரும். தாளில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் கொடுங்கள். இப்படிச் சுற்றிக் கொடுக்கணும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது.