அழகான எழுத்து ஏன் தூரத்தில் மறைகிறது?

மாணவர்களே, அறிவியல் விழாவுக்கான மணிலா அட்டையில் ஒட்ட எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பீர்கள்? சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள், தலைப்பு முதல் ஆய்வு முடிவு வரை அனைத்தையும் போடோனி சாய்வெழுத்தில் அச்சிட்டார்கள். அருகில் பார்க்க மிக அழகு. நடுவர்களோ சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள்; முடிவைப் படிக்காமலே அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார்கள். ஆய்வில் குறையில்லை. அந்த எழுத்துருவைப் பரிந்துரைத்தது நான்தான்!

போடோனி என்பது ஒருவரின் பெயர். இத்தாலியின் பார்மா நகரில் அச்சுக்கூடத்தை நடத்திய ஜியாம்பத்திஸ்தா போடோனி (1740–1813) உருவாக்கிய உரோமன் எழுத்துகளில், தடித்த கோடும் மயிரிழை போன்ற மெல்லிய கோடும் மாறி மாறி வரும். அதுவே அதன் அழகு. அதுவே அதன் பலவீனமும். சாய்வெழுத்தில் 'எம்' என்னும் சிற்றெழுத்தைப் பாருங்கள். அதன் மூன்று கால்களை இணைப்பவை மயிரிழைக் கோடுகளே. அவை மறைந்தால் மிஞ்சுவது சாய்ந்த மூன்று குச்சிகள்தான்.

அவை ஏன் மறைகின்றன? கண்பாவையின் சிறிய துளை வழியாக வரும் ஒளி, விழித்திரையில் சற்றே பரவி விழுகிறது. நல்ல பார்வை உள்ளவர்கூட, ஒரு பாகையில் 60இல் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு கோடுகளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். அந்த அளவைவிட மெல்லிய கறுப்புக் கோட்டின்மீது, இருபுறமும் உள்ள வெள்ளைத் தாளின் ஒளி பரவிவிடும். கறுப்பு, வெளிர் சாம்பலாகத் தெரியும்.

இதைக் கணக்கிடலாம். கோட்டின் அகலத்தை 3440 ஆல் பெருக்கினால், அது மங்கத் தொடங்கும் தூரம் தோராயமாகக் கிடைக்கும். 72 புள்ளி அளவுள்ள எழுத்தில் மயிரிழையின் அகலம் 0.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 × 3440 = 1720 மில்லிமீட்டர், அதாவது சுமார் 1.7 மீட்டர். அதே எழுத்தை 12 புள்ளிக்குச் சுருக்கினால் கோடும் ஆறில் ஒரு பங்காகிறது. இப்போது தூரம் வெறும் 29 சென்டிமீட்டர்! புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்திலேயே அது மங்கத் தொடங்கிவிடும்.

உலோக அச்சுக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியே செதுக்கினார்கள். அதனால் சிறிய எழுத்துகளில் மெல்லிய கோடுகளைச் சற்றுத் தடிப்பாக்க முடிந்தது. 1994இல் வெளிவந்த ஐடிசி போடோனி எழுத்துருவும் 6, 12, 72 புள்ளிகளுக்கென மூன்று வடிவங்களில் அமைந்தது. மயிரிழை மிக மெல்லியதாக உள்ள வடிவம் பெரிய தலைப்புக்கு உரியது, பத்திகளுக்கு அல்ல.

செய்து பாருங்கள்: போடோனி சாய்வெழுத்தில் ஒரு சொல்லை 72 புள்ளியிலும் 24 புள்ளியிலும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மெல்லிய கோடுகள் மங்கும்வரை பின்னோக்கி நடந்து, இரு தூரங்களையும் அளந்து குறியுங்கள். ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருக்கிறதா? பிறகு, உங்கள் ஆய்வின் முடிவை எந்த எழுத்தில் அச்சிடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.