மெருகு நாணயமும் அதன் மதிப்பும்

பணம் என்றால் கடையில் கொடுத்துச் சாமான் வாங்குவதற்கு உரியது என்பதே நாம் பொதுவாக அறிந்தது. ஆயினும், செலவழிப்பதற்காக அல்லாமல் வைத்துக் காப்பதற்கென்றே நம் அரசாங்கம் அடித்து விற்கும் நாணயங்களும் உண்டு. இவற்றுள் மிகச் சிறந்த மெருகுடன் செய்யப்படுபவை 'புரூஃப்' நாணயங்கள் எனப்படும். புதுநன்மை நாளிலும் பிறந்த நாளிலும் பிள்ளைகளின் பெயரால் இத்தகைய வெள்ளி நாணயங்களை வாங்கி வைக்கும் பெற்றோர் உண்டு. பிற்காலத்தில் பிள்ளையின் படிப்புக்கோ திருமணத்துக்கோ அது உதவும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செய்முறை

நாம் அன்றாடம் கையாளும் நாணயம், உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்து ஒரே அடியில் அடிக்கப்படுகிறது. பின்னர் மற்ற நாணயங்களோடு சேர்ந்து பையில் விழுகிறது. அப்பொழுதே அதன்மேல் சிறு கீறல்கள் விழுந்துவிடும். புரூஃப் நாணயத்துக்கோ அச்சையும் வில்லையையும் முதலில் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை மிகுந்த அழுத்தத்துடன் அடிப்பார்கள். அடித்த நாணயத்தைக் கையுறை அணிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேழையில் வைப்பார்கள். இதனால் நாணயத்தின் வெற்றிடம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும். உருவமோ மாவு படிந்தாற்போல் மங்கல் வெண்மையாகத் தோன்றும். இந்த வேறுபாடே அதன் அழகு.

நம் நாட்டில்

1950 ஆகஸ்ட் 15 அன்று குடியரசு இந்தியாவின் முதல் நாணயங்கள் வெளிவந்தன. அரசர் தலை இருந்த இடத்தில் அசோகரின் சிங்கத் தூண் அமைந்தது. ரூபாய் முதல் பைசா வரை அந்த 7 நாணயங்களும் புரூஃப் தொகுதியாகவும் செய்யப்பட்டன. 1964இல் நேரு மறைந்தபின் அவர் உருவத்துடன் நம் நாட்டின் முதல் நினைவு நாணயம் வந்தது. காந்தியடிகள் நூற்றாண்டை ஒட்டி 1969இல் வந்த வெள்ளிப் பத்து ரூபாயைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். கத்தோலிக்கராகிய நமக்கு உவப்பானவை இரண்டு. ஒன்று, புனித அல்போன்சா பிறந்த நூற்றாண்டு நாணயம்; மற்றொன்று, அன்னை தெரசா பிறந்த நூற்றாண்டு நாணயம். இருவரும் 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிறந்தவர்கள். இருவர் பெயராலும் 5 ரூபாய், 100 ரூபாய் நாணயங்கள் வந்தன. 5 ரூபாய் கடைத்தெருவிலும் புழங்கியது. 100 ரூபாய் சேகரிப்போருக்கு மட்டும் விற்கப்பட்டது. பம்பாய் நாணயச்சாலையின் வழக்கமான குறி ஆண்டின் கீழுள்ள வைர வடிவம். அங்கு செய்த புரூஃப் நாணயத்தில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், பிற்காலத்தில் 'எம்' என்ற எழுத்தும் இருக்கும்.

மதிப்பு எதில் உள்ளது?

இத்தகைய நாணயத்துக்கு மூன்று மதிப்புகள் உண்டு. முதலாவது, அதன்மேல் எழுதிய தொகை. இரண்டாவது, உலோகத்தின் விலை. காந்தி பத்து ரூபாயின் எடை 15 கிராம். அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. ஆகவே 12 கிராம் வெள்ளி உள்ளது. மேற்கூறிய 100 ரூபாய் 35 கிராம் எடை; பாதி வெள்ளி, ஆகவே 17.5 கிராம். வெள்ளி விலை ஏறினால் இந்த மதிப்பும் ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்றாவதே சேகரிப்போர் தரும் மதிப்பு. அது நாணயத்தின் மெருகையும், எண்ணிக்கையையும், விரும்புவோர் தொகையையும் பொறுத்தது. மெருகு கெட்டால் மூன்றாவது மதிப்பு போய்விடும். தட்டார் தராசில் வைக்கும் வெள்ளி மட்டுமே மிஞ்சும்.

அரிதானது விலை ஏறும் என்பது உண்மை. ஆனால் எல்லோரும் பத்திரப்படுத்தி வைப்பது எளிதில் அரிதாவதில்லை. இதற்கு நம் புதுச்சேரியே சான்று. பிரெஞ்சுக்காரர் இங்கு வெளியிட்ட செப்புக் காசில் ஒருபுறம் லில்லி மலரும் மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்ற பெயரும் இருந்தன. நம் பாட்டிமார் 'துட்டு' என்று சொல்வதை அவர்கள் 'தூதூ' என்று எழுதினார்கள். அந்தத் துட்டை யாரும் பேழையில் வைக்கவில்லை; கீரைக்கும் மீனுக்கும் கொடுத்துச் செலவழித்தார்கள். ஆகவே, தேயாத நல்ல துட்டு இன்று கிடைப்பது அரிது. புரூஃப் நாணயமோ வாங்கிய அனைவர் வீட்டிலும் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். 3,000 ரூபாய்க்கு வாங்கிய நாணயம் 12 ஆண்டுகள் கழித்து 5,000 ரூபாய்க்கு விலை போவதாக வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய் லாபம் என்று மகிழத் தோன்றும். அதே பணத்தை நூற்றுக்கு 6 கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 6,036 ரூபாய் ஆகியிருக்கும். அப்படியானால் லாபம் எங்கே? சில நாணயங்கள் இதனினும் நன்றாக விலை போவதுண்டு. எது போகும் என்று முன்கூட்டிச் சொல்வார் இல்லை. ஆகவே பெண்ணின் படிப்புக்கான பணத்தை நாணயத்தில் முடக்குதல் தகாது. படிப்புக்கு வங்கி, மகிழ்ச்சிக்கும் அறிவுக்கும் நாணயம்.

காக்கும் முறை

வெண்கலக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பதும், வெள்ளிக் கொலுசைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவுவதும் நம் இல்லங்களின் நல்ல வழக்கம். நாணயத்துக்கு இவை ஆகா. ஒரு முறை தேய்த்தாலும் கண்ணாடி மெருகில் மெல்லிய கீறல்கள் விழும்; அவற்றை மீண்டும் மாற்ற இயலாது. விரலின் வியர்வையும் நாளடைவில் கறையாகும். எனவே பேழையோடு வைத்துக் காண்பதே நன்று. எடுக்க நேர்ந்தால் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். ஈரத்தாலும் உப்பாலும் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். கடலோரத்தில் வாழும் நாம் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றை உடன் வைத்தல் அவசியம். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில் பசைபோல் கசிவு உண்டாகும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பேழையையும் சான்றிதழையும் எறிந்துவிடலாகாது. நம் அரியாங்குப்பத்து அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த வீலர், இத்தாலி நாட்டு மட்கல ஓடுகளைக் கண்டெடுத்தார். எந்த மண்ணடுக்கில் எது கிடைத்தது என்று குறித்து வைத்ததாலேயே அந்த ஓடுகள் ரோமாபுரி வாணிபத்தின் காலத்தைக் கூறின. குறிப்பு இல்லையேல் அவை வெறும் ஓட்டாஞ்சில்லிகளே. அதுபோல் நாணயத்தை யார், எந்நாளில், எதற்காகத் தந்தார் என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்போம். விலை ஏறினாலும் ஏறாவிட்டாலும், பேரப்பிள்ளைகளுக்கு அச்சீட்டு ஒரு செல்வமாகும்.

முடிவுரை

நற்செய்தியில் வரும் ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இட்டவை இரண்டு சிறு செப்புக் காசுகளே. அவற்றில் மெருகும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆயினும் ஆண்டவர் அவற்றையே பெரிதாக மதித்தார். தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பேழையிலுள்ள நாணயத்தின் விலை சந்தையின் கையில் இருக்கிறது. நம் உள்ளத்திலுள்ள நாணயத்தின் மெருகோ நம் கையில் இருக்கிறது. மாணவியராகிய நாம் முன்னதைக் கவனமாகக் காப்போம். பின்னதை அதனினும் கவனமாகக் காப்போமாக!